பி0171: முப்பந்தல் காற்றில் மட்டும் எரிகிற செக் இன்ஜின் லைட்

கல்லிடை அப்பளம் (கேள்வி)

வணக்கம் அண்ணாச்சிமாரே. வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர் ஹேட்ச்பேக். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் பாதிப் பேர் அந்தக் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போய்விடுவீர்கள், என் கேள்வி அப்படியே கிடக்கும்.

தொழில் அப்பள வியாபாரம். வாரம் ஒருமுறை கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்குச் சரக்கு போகும். சேரன்மகாதேவி, களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் வரை வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. பணகுடி தாண்டிக் காவல்கிணறு வந்த பிறகுதான் சேட்டை. முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வந்து எப்படி முட்டும் என்று அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். நாலாவது கியரில் 80ஐப் பிடித்து வைக்கவே பாடாக இருக்கிறது. அங்கேதான் செக் இன்ஜின் லைட் எரிந்தது. திரும்பி வரும்போது காற்று முதுகைத் தள்ளிவிடுகிறது, வண்டியும் ஒழுங்காக வருகிறது. லைட் மட்டும் அணையவில்லை.

பாரம் ஏற்றியதால் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பின் சீட் நிறைய அப்பளம் அடுக்கினாலும் இரண்டு ஆள் எடை வராது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0171, 'சிஸ்டம் டூ லீன், பேங்க் 1' என்று வந்தது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லையாம். முதலில் ஆக்சிஜன் சென்சார் மாற்ற வேண்டும் என்றார்கள். மறுநாள் போன் செய்து, "பம்ப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தோம், 14 வோல்ட் சுத்தமாக வருகிறது, அதனால் பம்ப்தான் போயிருக்கிறது" என்றார்கள். டேங்குக்குள் இருக்கிற பம்ப் செட்டை முழுதாக மாற்ற 9,000 ரூபாயாம். இரண்டில் எது? நானும் ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கிவிட்டேன். போனில் என்னென்னவோ எண் ஓடுகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தென்காசிச் சாரல்

அண்ணே, சென்சாரும் வேண்டாம் பம்பும் வேண்டாம். போனட்டைத் திறந்து ஹோஸ்களைப் பாருங்கள். எலி கடித்திருக்கும். பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததிலிருந்து எங்கள் தெருவில் நிற்கிற ஒரு வண்டியையும் எலி விட்டுவைக்கவில்லை. லீன் கோடு என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்றுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹோஸ் மேல் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள். எங்கே அடிக்கும்போது ஆர்.பி.எம் மாறுகிறதோ அங்கே ஓட்டை.

பேட்டை எலக்ட்ரீசியன்

தம்பி சாரல், எலியைக் குறை சொல்ல நான் வரவில்லை, என் பிழைப்பில் பாதி அதன் புண்ணியம்தான். ஆனால் இந்த வண்டியில் எலி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்கிற வேலையை ஊர் முழுக்கச் சொல்லவும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

அப்பள அண்ணாச்சி, முதலில் இந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு, அதற்கேற்ப இன்ஜெக்டரைத் திறக்கிறது. எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று சைலன்சர் பைப்பின் தொடக்கத்தில் இருக்கும் சென்சார் சொல்கிறது. மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டி ஊற்றும். இப்படிக் கூட்டுகிற சதவீதத்துக்குப் பெயர்தான் ஃபியூயல் டிரிம். உடனுக்குடன் ஆடுவது ஷார்ட் டெர்ம், பழகிப்போய் நினைவில் வைத்துக்கொண்டது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 25 சதவீதம் என்ற எல்லைக்கு வரும்போது பல வண்டிகளில் பி0171 விழும். அதாவது "ஊற்றி ஊற்றிப் பார்த்துவிட்டேன், இதற்கு மேல் என்னால் ஆகாது" என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கிறது. இன்ன பார்ட் போச்சு என்று அது எங்கேயும் சொல்லவில்லை. கோடு எண்ணைப் பார்த்ததும் பார்ட் மாற்றுவது ஒரு வியாதி, அதற்கு வண்டிக்காரர்தான் காசு கட்டுகிறார்.

இனி சாரல் சொன்ன காற்று விஷயம். ஏர் ஃபில்டர் டப்பாவை ஒட்டிக் காற்றின் எடையையே அளக்கும் எம்.ஏ.எஃப் சென்சார் உள்ள வண்டி என்றால், அதைத் தாண்டி ஓட்டை வழியாக நுழைகிற காற்று கணக்கில் வராது. உடனே டிரிம் ஏறும். அந்த வீடியோக்கள் எல்லாம் அந்த மாதிரி வண்டிகளை வைத்து எடுத்தவை. நம் ஊரில் ஓடுகிற சின்ன பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் மேப் சென்சார்தான். அது மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாய், அதன் மேலேயே உட்கார்ந்து உள்ளே இருக்கிற அழுத்தத்தை அளக்கும். ஓட்டை வழியாக வந்த காற்றும் மேனிஃபோல்டுக்குள்தானே வந்தாக வேண்டும்? அழுத்தம் ஏறும், கம்ப்யூட்டர் அதையும் எண்ணிப் பெட்ரோல் கொடுத்துவிடும். அதனால் ஓட்டை இருந்தால் ஐடிலிங் ஆர்.பி.எம் தூக்கலாக நிற்கும், மேப் எண் கூடுதலாகக் காட்டும், டிரிம் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. ஒரே ஒரு சிலிண்டரின் வாயருகே பெரிய ஓட்டை என்றால் கதை வேறு, அப்போது ஐடிலிங்கிலேயே குலுக்கல் தெரியும்.

ஆகவே இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஏசியை அணைத்துவிட்டு ஐடிலிங்கில் ஆர்.பி.எம், மேப், இரண்டு டிரிம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2,500ல் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து அதே எண்கள். கோடு எண்ணை அழிக்கும் முன் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பக்கத்தைத் திறங்கள், கோடு விழுந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று அதில் பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். மிச்சம் ஒன்று: முன் ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட். சும்மா நிற்கும்போது அது 0.1க்கும் 0.8க்கும் இடையே ஊசலாட வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரு வெட்டு வெட்டினால் 0.8க்கு மேல் துள்ள வேண்டும். துள்ளினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது.

கல்லிடை அப்பளம்

அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னேன். கையெழுத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஸ்கேனர் தேவைப்பட்டது.

ஐடிலிங்: ஆர்.பி.எம் 750, மேப் 33 கிலோபாஸ்கல், லாங் டெர்ம் +9, ஷார்ட் டெர்ம் +2க்கும் -2க்கும் நடுவே ஆடுகிறது. 2,500ல் லாங் டெர்ம் +13. ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 82, ஆர்.பி.எம் 3,000, லோடு 88 சதவீதம், இன்ஜின் சூடு 91 டிகிரி, லாங் டெர்ம் +22, ஷார்ட் டெர்ம் +5. ஆக்சிஜன் சென்சார் நீங்கள் சொன்ன மாதிரியே ஆடுகிறது, வெட்டினால் 0.85 வரை போகிறது. மேப் சென்சார்தான், மேனிஃபோல்டு மேலேயே இருக்கிறது. ஹோஸ்களையும் தடவிப் பார்த்தேன், கடி எதுவும் இல்லை.

பாளை ரோட்டோரம்

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எல்லாம் இ20 பெட்ரோல் வேலை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் கணக்கு 13.5க்கு வந்துவிடும். அதே காற்றுக்குக் கூடுதலாக ஊற்றித்தான் ஆக வேண்டும். 2014 வண்டிக்கு இது ஒத்துக்கொள்ளாது. நல்ல பங்க் பார்த்து பிரீமியம் போடுங்கள், லைட் அணைந்துவிடும்.

பேட்டை எலக்ட்ரீசியன்

ரோட்டோரம் அண்ணாச்சி சொன்ன எண்கள் சரி. முடிவுதான் அவசரம். முன்பு ஓடிய 10 சதவீதக் கலப்புக்கே கணக்கு 14.1தான். அதிலிருந்து 13.5க்கு வந்ததால் டிரிம் 4 சதவீதம் போலக் கூடும். அதுவும் எல்லா வேகத்திலும் ஒரே அளவாகக் கூடும். ஐடிலிங்கில் +9, எதிர்க்காற்றில் +27 என்று எத்தனால் ஏறிக்கொண்டே போகாது. எல்லைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நின்ற வண்டியை அது தள்ளிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது அண்ணாச்சியின் எண்களைப் பாருங்கள். ஐடிலிங் மேப் 33 சுத்தம். ஆர்.பி.எம்மும் சுத்தம். காற்று ஓட்டை இல்லை. சென்சார் துள்ளுகிறது, 9,000க்கு முன்னால் சொன்ன அந்தச் செலவும் மிச்சம். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் பைப் விரிந்திருந்தால் வெளிக்காற்றை இழுத்து அதை ஏமாற்றும், ஆனால் அது ஐடிலிங்கில்தான் அதிகம் தெரியும். உங்களுக்கு நேர்மாறாக, வண்டி எவ்வளவு பெட்ரோல் கேட்கிறதோ அவ்வளவு பற்றாக்குறை கூடுகிறது. ஆக, பெட்ரோல் வரத்தில்தான் குறை.

அழுத்தம் பாதியானால் பெட்ரோல் பாதியாகாது, வர்க்கமூலக் கணக்கில்தான் குறையும். 3.5 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.4 இருந்தால் இன்ஜெக்டர் வழியே 17 சதவீதம் குறைவாக வரும். அதை ஈடுகட்ட 21 சதவீதம் கூட்ட வேண்டும். அதோடு எத்தனாலின் 4ஐயும் சேருங்கள், முப்பந்தலில் உங்கள் வண்டி காட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஐடிலிங்கில் மட்டும் மேனிஃபோல்டு வெற்றிடமும் சேர்ந்து பெட்ரோலை இழுப்பதால் குறை அவ்வளவாக வெளியே தெரியாது.

அப்படியானால் பம்ப் போச்சா? இருக்கலாம், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் சொன்ன காரணம் செல்லாது. கனெக்டரைக் கழற்றிவைத்து 14 வோல்ட் பார்த்தேன் என்றால், கரண்டே ஓடாத ஒயரில் பார்த்திருக்கிறார்கள். பாதி அடைத்த குழாயில் தண்ணீரைத் திறக்காமல் அழுத்தம் பார்த்தால் முழுசாகத்தான் காட்டும், திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். எங்கோ ஒரு மூட்டில் அரை ஓம் தடை இருந்தால் 2.5 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த அரை ஓமை மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்துப் பிடிக்க முடியாது, பிராபின் ஒயரே அவ்வளவு காட்டும்.

பின் சீட்டைத் தூக்கினால் பம்பின் மூடியும் கனெக்டரும் தெரியும். கனெக்டரைக் கழற்றாமல், அதன் முதுகுப் பக்கம் ஒயரோடு ஒட்டி மெல்லிய ஊசியைச் செருகுங்கள். இன்ஜின் ஓட வேண்டும், ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுவையுங்கள். மீட்டரின் கறுப்பை பேட்டரி நெகடிவிலும் சிவப்பை பம்பின் எர்த் ஒயரிலும் வைத்துப் பாருங்கள். 0.2, அதிகம் போனால் 0.3 வோல்ட் இருக்கலாம். அதற்கு மேல் போனால் எர்த்தில் கோளாறு. பாசிடிவ் பக்கத்தையும் அதே போல பேட்டரி பாசிடிவுக்கும் பம்ப் பாசிடிவுக்கும் நடுவே பார்க்க வேண்டும், ரிலேயும் ஃப்யூஸும் அந்த வழியில்தான் இருக்கின்றன. பெட்ரோல் வாடை அடித்தால் மீட்டரை வைத்துவிட்டு முதலில் நாலு கதவையும் திறந்துவிடுங்கள். பீடி சிகரெட் பிடிக்கிற ஆட்களை அந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள்.

அழுத்தத்தை அளக்க கேஜ் உள்ள ஆளிடம் போங்கள். இந்த மாதிரி வண்டிகளில் கேஜ் செருகத் தனி வாய் இருக்காது, லைனைக் கழற்றி டி அடாப்டர் போட வேண்டும். கழற்றும் முன் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் முகத்தில் பீச்சும்.

ஒரு கேள்வி: வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றிருக்கிறதா?

கல்லிடை அப்பளம்

நின்றது அண்ணாச்சி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மச்சினன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, சீட்டின் அடிப்பாகம் வரை ஏறி நின்றது. வடிந்த பிறகு கார்ப்பெட்டைப் பிடுங்கிக் காயவைத்து, ஆயில் எல்லாம் மாற்றி ஓட்டினோம். அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை, இந்த ஆனி வரை. அதனால் அதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

அம்பாசமுத்திரத்தில் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் உங்கள் பதிவை அப்படியே காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார், "உன் வண்டியைப் பேட்டையில் இருந்தே பார்த்துவிட்டாரே" என்று. அப்பளக் கட்டை எல்லாம் திண்ணையில் இறக்கிவிட்டு சீட்டைத் தூக்கினோம். பேட்டரியில் 14.1. பாசிடிவ் பக்கம் இழப்பு 0.3. எர்த் பக்கம் 2.1! பம்புக்குக் கிடைத்தது 11.7தான். அவரிடமே கேஜும் இருந்தது: ஐடிலிங்கில் 3.1 பார், 3,000ல் பிடித்தால் 2.9க்கு இறங்குகிறது. மேனுவல்படி 3.5 வேண்டுமாம்.

பேட்டை எலக்ட்ரீசியன்

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். பெரும்பாலும் கதவுப் படிக்குப் பக்கத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் பாடியோடு முடியும். வெள்ளம் பார்த்த வண்டியில் கார்ப்பெட்டின் மேல்புறம் காய்ந்தாலும் அடியில் இருக்கிற பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். ஆற்று வண்டலும் சேர்ந்தால் செம்பும் இரும்பும் மெல்ல மெல்ல அரித்துக்கொள்ளும். ஒன்றரை வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

போல்ட்டைக் கழற்றும் முன் பேட்டரி நெகடிவைக் கழற்றிவிடுங்கள். பாடியில் பெயின்ட் போய் வெள்ளையாக இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். ஒயர் முனையில் போல்ட்டுக்காகப் பிடித்திருக்கிற உலோக வளையம்தான் லக், அந்தப் பழைய லக்கைச் சுரண்டி மறுபடி மாட்ட வேண்டாம். களிம்பு ஒயருக்குள்ளேயும் ஏறியிருக்கும், செம்பு பளபளவென்று தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டு புது லக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த ஆடிக்குத் திரும்ப வருவீர்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். அதே போல்ட்டில் வேறு ஒயர்களும் இருந்தால் அவற்றையும் பாருங்கள், பின் லைட்டின் எர்த்தும் அங்கேயே முடியலாம்.

அப்புறம் எர்த் இழப்பையும் அழுத்தத்தையும் திரும்ப அளக்க வேண்டும். 14 வோல்ட் முழுதாகக் கிடைத்தும் அழுத்தம் 3.1லேயே நின்றால் பம்போ அதன் வலையோ அடைத்திருக்கிறது, அப்போது மட்டும் 9,000 பற்றி யோசியுங்கள்.

கல்லிடை அப்பளம்

கார்ப்பெட்டுக்கு அடியில் லக் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாகப் பச்சைத் தூள்தான் இருந்தது. வெட்டிப் புது லக் போட்டாயிற்று. எர்த் இழப்பு இப்போது 0.05. அழுத்தம் 3.5, ஆர்.பி.எம் ஏற்றினாலும் அசையவில்லை. கோடு எண்ணை அழித்துவிட்டு நேற்று வடசேரி போய்வந்தேன். முப்பந்தலில் காற்று குறையவில்லை, பேய் மாதிரிதான் அடித்தது, ஆனால் மிதித்த கணமே வண்டி இழுக்கிறது. லாங் டெர்ம் ஐடிலிங்கில் +4, எதிர்க்காற்றில் +5. அந்த 4 ரோட்டோரம் அண்ணாச்சி சொன்ன எத்தனால் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். அம்பைக்காரர் கூலி 600 ரூபாயும் இரண்டு கட்டு உளுந்து அப்பளமும்.

தென்காசிச் சாரல்

பேட்டை அண்ணாச்சி, அப்படியானால் இதையும் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் மாமாவின் பழைய செடான், ஏர் ஃபில்டர் பக்கத்தில் எம்.ஏ.எஃப் சென்சார் உள்ளது. அதே பி0171. ஐடிலிங்கில் +21, 2,500ல் +4. ஆர்.பி.எம்மும் ஒரு நிலையில் நிற்கவில்லை.

பேட்டை எலக்ட்ரீசியன்

இது உன் எலி தம்பி. ஐடிலிங்கில் உள்ளே போகிற காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியே வருகிற பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்.பி.எம் ஏறியதும் காற்று பெருகி ஓட்டையின் பங்கு கரைந்துவிடும். அதனால்தான் 21, நாலாக இறங்குகிறது.

பிரேக்கை மிதிக்கும்போது புஸ்ஸென்று சத்தமோ, பெடல் கல்லாகவோ இருந்தால் பிரேக் பூஸ்டர் ஹோஸிலிருந்து தொடங்கு. இல்லையென்றால் வால்வு கவரிலிருந்து மேனிஃபோல்டுக்கு வருகிற ஹோஸ், அப்புறம் டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கிற கேனிஸ்டரிலிருந்து வருகிற பர்ஜ் ஹோஸ். பர்ஜ் ஹோஸைப் பிளையரால் மெதுவாக, துணி வைத்துப் பிடி. பிடித்த உடனே டிரிம் இறங்கினால் பர்ஜ் வால்வு திறந்தபடியே நிற்கிறது. எதிலும் அகப்படவில்லை என்றால் புகை விட்டுப் பார்க்கிற மெஷின் உள்ள கடைக்கு வண்டியை விடு, ஸ்ப்ரே வேண்டாம். கடித்த ஹோஸ் கிடைத்தால் டேப் சுற்றாதே, பெட்ரோல் ஆவிக்கும் சூட்டுக்கும் பசை விட்டுவிடும். அதே அளவில் புது ஹோஸ் வாங்கி, கிளாம்பையும் புதிதாகப் போட்டு, டிரிம் எண்ணை இங்கே போடு.